ஷோலே பாறைகள்: ராமநகரத்தில் இன்று பார்க்க என்ன மிஞ்சியிருக்கிறது?

தெற்குப்பயணி:

டிசம்பரில் பெங்களூரிலிருந்து மைசூருக்குக் காரில் போகிறோம். வழியில் அரை நாளை ராமநகரத்துக்கு ஒதுக்க வீட்டில் ஒப்புதல் வாங்கிவிட்டேன். காரணம் 'ஷோலே' இந்திப் படம்தான். இணையத்தில் தேடினால் ஒருவர் ஒரு பாறையைக் காட்டி, படத்தின் கொள்ளையன் கப்பர் சிங் உலாவிய இடம் இதுதான் என்கிறார். இன்னொருவர் வேறொரு பாறையைக் காட்டி அதையே அடித்துச் சொல்கிறார். யாரை நம்புவது?

படத்தில் வரும் ராம்கட் கிராமத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? தாக்கூரின் வீடு? நாயகன் வீரு ஏறி நின்று ரகளை செய்யும் தண்ணீர்த் தொட்டி? அவன் நண்பன் ஜெய் சாகும் அந்த மரப்பாலம்? ரயில் சண்டை எடுத்த தண்டவாளமும் அங்கேதானா? போய்ப் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். கூட வருபவர் என் மாமனார். படத்தின் வசனம் முழுக்க மனப்பாடம். முழங்கால் வலியும் உண்டு. எவ்வளவு ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாலைவெளிச்சம்:

கிராமம் இல்லை. வீடு இல்லை, தொட்டி இல்லை, பாலம் இல்லை. இதை மாமனாரிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு சொன்னால் முகம் வாடிவிடும்.

ராம்கட் முழுவதும் செட். கலை இயக்குநர் ராம் யேடேகர் அந்த வெட்டவெளியில் ஓர் ஊரையே எழுப்பினார். 1973 அக்டோபர் 3 அன்று படப்பிடிப்பு தொடங்கியபோது நெடுஞ்சாலையிலிருந்து அந்த இடத்துக்கு ஒழுங்கான பாதைகூடக் கிடையாது. படக்குழுதான் சாலை போட்டுக்கொண்டது. வேலை நெடுநாள் இழுத்தது. ஊரின் ஒரு பகுதியை இயக்குநரின் பெயரால் 'சிப்பி நகர்' என்றே கொஞ்ச காலம் அழைத்தார்கள். படம் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்தாயிற்று.

ரயில் சண்டை அங்கே எடுக்கப்படவே இல்லை. அது மும்பை–புணே ரயில் பாதையில் பன்வேலுக்கு அருகே எடுத்தது. அந்த ஒரு சண்டைக்கு மட்டும் ஏழு வாரத்துக்கும் மேல் ஆனது. சிறைக் காட்சிகளும் மும்பையில்தான், ராஜ்கமல் ஸ்டுடியோவுக்கு அருகே போட்ட செட். ராமநகரத்து வெயிலோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அந்தச் சிறையையும் திறந்த வெளியில்தான் கட்டினார்கள். இந்த விவரம் தெரிந்த பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தேன். இரண்டு ஊர்களின் வெளிச்சத்தையும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆக, மிச்சம் இருப்பது பாறைகள் மட்டும். அது குறைவான சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். படம் எடுத்த மலையான ராமதேவர பெட்டாவின் அடிவாரத்தில் நிமிர்ந்து பார்த்த கணத்திலேயே தெரிந்துவிடும். வழிகாட்டி வேண்டாம், பலகை வேண்டாம். அந்த வட்ட முதுகுகளும் செங்குத்துச் சரிவுகளும் வேறு எந்த மலைக்கும் கிடையாது.

வழிப்போக்கன்:

நான் போய் ஏமாந்து திரும்பியவர்களின் கட்சி. பாறையைப் பார்க்க வேண்டும் என்றால் தென்னிந்தியாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான். ஒரு படம் எடுத்தார்கள், கட்டியதைக் கலைத்தார்கள், போய்விட்டார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து வெறும் கல்லின் முன்னால் நின்று புல்லரிக்க வேண்டும் என்றால் நிறைய கற்பனை வேண்டும்.

'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி எடுத்த கேத்தி ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். நடைமேடை இருக்கிறது, மலை ரயில் இன்றும் வந்து நிற்கிறது. அங்கே நின்றால் காட்சி கண்ணெதிரே நடக்கும். இங்கே அப்படி என்ன இருக்கிறது?

பாறுநேசன்:

என்ன இருக்கிறது என்று வழிப்போக்கன் கேட்டதால் சொல்கிறேன். பாறு கழுகுகள் இருக்கின்றன.

ராமதேவர பெட்டா 2012 முதல் பாறு கழுகுகளின் சரணாலயம். சுமார் 346 ஹெக்டேர். அங்கே கூடு கட்டுவது கருங்கழுத்துப் பாறு. மரத்தை அவ்வளவாக நாடாது. எட்ட முடியாத செங்குத்துப் பாறையின் விளிம்பில்தான் குடித்தனம். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. 1990களிலிருந்து இந்தியாவில் இந்த இனமும் இதன் நெருங்கிய உறவுகளும் 95 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோயின. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம். அந்த மருந்து தங்கிய மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். சில நாட்களில் செத்துவிடும். கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை 2006இல் தடை செய்தார்கள். அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன. கருநாடகத்தில் மிஞ்சிய ஒரு சிலவற்றுக்கு இந்த மலைதான் வீடு.

இப்போது தெற்குப்பயணிக்கு. நீங்கள் போகப்போகும் டிசம்பர், இவை கூட்டில் இருக்கும் பருவம். கோயிலுக்குப் போகும் படிகளை விட்டு விலகாதீர்கள். வேலி போட்ட பக்கம் 'ஒரு படம் மட்டும்' என்று நுழையாதீர்கள். பாறையில் நின்று கப்பர் குரலில் கத்துகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தத்தில் பறவை கூட்டை விட்டு எழுந்தால் முட்டை வெயிலில் கிடக்கும். ட்ரோன் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

தெற்குப்பயணி:

கத்தக்கூடாது என்பதை மாமனாரிடம் சொல்வது, முழங்காலைப் பற்றிச் சொல்வதைவிடக் கடினம் என்று தோன்றுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

வழிப்போக்கன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே? செட்டைப் பிரிக்காமல் விட்டிருக்கலாம். இப்படி ஒரு படத்தின் ஊரைக் காப்பாற்றி வைத்திருந்தால் எவ்வளவு பேர் வந்திருப்பார்கள்!

மாலைவெளிச்சம்:

மரமும் சாந்தும் துணியுமாகப் போட்ட செட், ஐம்பது மழைக்காலம் தாங்குமா? படம் 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானபோது முதல் சில நாட்கள் கூட்டமே இல்லை, தோல்வி என்றே எழுதினார்கள். அந்த நேரத்தில் யார் செட்டைப் பாதுகாக்க நினைத்திருப்பார்கள்?

காப்பாற்றிய இடங்களும் உலகத்தில் உண்டு. ஸ்பெயினில் அல்மேரியா பக்கம், தபெர்னாஸ் பாலைவனத்தில், 1960களில் இத்தாலியர்கள் கௌபாய் படங்களுக்குப் போட்ட செட்டுகள் இன்று கேளிக்கைப் பூங்காக்களாக ஓடுகின்றன. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் துப்பாக்கிச் சண்டை நடித்துக் காட்டுவார்கள். குழந்தைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. எனக்கு அதில் படம் தெரிவதில்லை, பூங்காதான் தெரிகிறது.

அதே ஸ்பெயினில், வடக்கே புர்கோஸ் மாகாணத்தில் நடந்தது வேறு கதை. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தின் இறுதி மோதலுக்காக ஸ்பெயின் ராணுவ வீரர்களை வைத்து ஒரு போலி மயானம் அமைத்தார்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளோடு. அப்புறம் அரை நூற்றாண்டு அதன்மேல் மண் மூடிப் புல் வளர்ந்தது. 2015 முதல் ரசிகர்களே மண்வெட்டியோடு வந்து, நடுவில் இருந்த கல் பாவிய வட்டத்தைத் தோண்டி வெளியே கொண்டுவந்தார்கள். கல்லறைகளையும் திரும்ப அமைத்தார்கள். யாரும் புதைக்கப்படாத மயானத்துக்கு இத்தனை பக்தி! 'ஷோலே' அந்தப் படங்களின் பாதிப்பில் பிறந்த படம் என்பதால் இரண்டையும் சேர்த்தே யோசிக்கத் தோன்றுகிறது.

வழிப்போக்கன்:

அதைத்தான் நானும் சொல்கிறேன். அங்கே தோண்டினால் ஏதோ கிடைத்தது. ராமநகரத்தில் தோண்டினால் என்ன கிடைக்கும்?

கருங்கல்:

கல் கிடைக்கும். அதுவும் சாதாரணக் கல் இல்லை. 😀

நிலவியல் படித்தவள் என்பதால் இந்த இழையில் மூக்கை நுழைக்கிறேன். ராமநகரத்தின் பழைய பெயர் குளோஸ்பேட்டை. பிரிட்டிஷ் அதிகாரி பாரி குளோஸின் பெயரால் வந்தது. ஊர் அந்தப் பெயரை விட்டுவிட்டது, நிலவியல் விடவில்லை. அந்தப் பாறைக்கு உலகம் முழுவதும் குளோஸ்பேட் கிரானைட் என்றுதான் பெயர். கருநாடகத்தின் குறுக்கே தெற்கு வடக்காகச் சுமார் 400 கிலோமீட்டர் நீளும் பட்டை அது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். நிலத்தின் ஆழத்தில் குழம்பாக இருந்து மெல்ல ஆறி இறுகியது. மேலே கிடந்த மண்ணும் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனதும் வெளியே தலை காட்டியது. மேலிருந்த சுமை நீங்கியதால் வெங்காயத் தோல் போல வளைவு வளைவாக உரிகிறது. அந்த உருண்டை முதுகுகளுக்குக் காரணம் இதுதான்.

படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கதை வடநாட்டுக் கொள்ளையர்களைப் பற்றியது. சம்பல் பள்ளத்தாக்கின் அசல் கொள்ளையர்கள் பாறையில் வாழவில்லை. ஆற்று மண்ணை மழைநீர் அரித்து அரித்து உண்டான மண் பள்ளங்களில் ஒளிந்தார்கள். அந்த நிலத்தில் ஒரு பெரிய கல்லைத் தேடினாலும் கிடைக்காது. ராம்கட் என்ற ஊரை நம்ப வைப்பது நம் பக்கத்துக் கிரானைட்டுதான். நாட்டில் பெரும்பாலானோர் மனத்தில் கொள்ளையன் என்றால் பின்னால் ஒரு பாறை நிற்கிறது என்றால், அதைச் செய்தது குளோஸ்பேட் கிரானைட்டு.

தோண்ட வேண்டிய அவசியம் இல்லை, வழிப்போக்கரே. எல்லாம் மேலேயே இருக்கிறது.

பழைய ஆபரேட்டர்:

எந்தப் பாறை அசல் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. படத்தைத் திரையில் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கையில் படத்தின் சில காட்சிகளை எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. ஆனால் எந்தப் பிரதியிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். 'ஷோலே' 70 எம்.எம். படம் என்று விளம்பரம் செய்தார்கள். கேமராவுக்குள் ஓடியது 35 எம்.எம். ஃபிலிம்தான். 70 எம்.எம். கேமராக்களின் விலை கட்டுப்படியாகவில்லை. பிற்பாடு பெரிதாக்கி அகலத் திரைக்குக் கொண்டுவந்தபோது காட்சிச் சட்டத்தின் (ஃபிரேமின்) மேலும் கீழும் வெட்டுப்பட்டது. அதனால் அகலத் திரைப் பிரதியில் மலையின் உச்சிக்கோடு பல இடங்களில் இருக்காது. பழைய தொலைக்காட்சிப் பிரதிகளின் சதுரமான சட்டத்தில் மேலே இன்னும் கொஞ்சம் வானம் இருக்கும், மலையின் உச்சிக்கோடும் தெரியும். இடத்தை அடையாளம் காண உங்களுக்கு வேண்டியது அந்தக் கோடு. முன்னால் இருக்கும் கற்களை நம்பாதீர்கள். செடி வளரும், படி வெட்டுவார்கள், வேலி வரும். தொடுவானக் கோடு மாறாது.

இன்னொன்று, ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா வெளிச்சத்துக்காகக் காத்துக் கிடந்த ஆள். தாக்கூரின் மருமகள் ராதா மாடியில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பாள், கீழே ஜெய் மௌத் ஆர்கன் வாசிப்பான். அந்தச் சிறு காட்சிகளுக்கு இருபது நாள் ஆனது. சூரியன் மறைந்து இருட்டுவதற்குள் கிடைக்கும் சில நிமிட வெளிச்சத்தில் மட்டுமே எடுத்தார்கள். தவறினால் மறுநாள். இமாமின் மகனைக் கொல்லும் காட்சிக்குப் பத்தொன்பது நாள். ஆகவே நட்டநடு உச்சிவேளையில் போய் நின்று 'படத்தில் பார்த்த மாதிரி இல்லையே' என்று சொல்லாதீர்கள்.

வழிப்போக்கன்:

ஆபரேட்டர் ஐயா, இது நான் இதுவரை எங்கும் படிக்காத செய்தி. நான் போனது மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான். அதற்காக என் கட்சியை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் மேலே சொல்லுங்கள்.

பழைய ஆபரேட்டர்:

மேலே சொல்ல என்ன இருக்கிறது? இந்தி ஒரு வரி தெரியாத ஊரில் ஓட்டினேன். கூட்டம் வசனத்தைச் சத்தமாகவே வைக்கச் சொல்லிக் கேட்டது. பாறையில் கப்பரின் பெல்ட் உரசும் சத்தம் வரும்போது அரங்கமே அடங்கிவிடும். அதற்கு மொழி வேண்டியதில்லை.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. தாக்கூர் கப்பரைக் கொல்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள். நெருக்கடி நிலைக் காலம். தணிக்கையில் ஒப்புக்கொள்ளவில்லை, போலீஸ் வந்து கைது செய்வதாக மாற்றி எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய முடிவோடு மீட்டெடுத்த பிரதியை 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யாவில் திரையிட்டார்கள். மாமனாரை மலைக்குக் கூட்டிப் போகும் முன் அதைப் பார்க்க வழி இருந்தால் பார்க்க வையுங்கள். ஒரே நிலத்தில் இரண்டு முடிவுகள் நடந்திருக்கின்றன என்று தெரிந்து நிற்பது வேறு.

தெற்குப்பயணி:

அருமை. பழைய பிரதியிலிருந்து காட்சிகளை எடுத்து அச்சிட்டுக்கொள்கிறேன். அரசு அங்கே கிராமத்தைத் திரும்பக் கட்டப்போகிறது என்று எங்கோ படித்த நினைவு. உண்மையா?

பாறுநேசன்:

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு யோசனை எழுந்தது. முப்பரிமாண மெய்நிகர் முறையில் ராம்கட்டைக் காட்டுவதாகப் பேச்சு. சரணாலயத்துக்குப் பக்கத்தில் கூட்டத்தையும் வண்டிகளையும் கொண்டுவந்து கொட்டுவதா என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். நானும் எதிர்க்கிறேன். படத்தை நேசிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. செட் மரத்தால் ஆனது, இன்னொரு ஊரில் இன்னொன்று போடலாம். பாறு கழுகுக்கு இன்னொரு மலை போட்டுத்தர முடியாது.

மாலைவெளிச்சம்:

இதில் பாறுநேசனோடு முழு உடன்பாடு. படத்துக்காகக் கட்டியது போய்விட்டது, படத்துக்கு முன்பே இருந்தது நிற்கிறது. வழிப்போக்கன் சொன்ன கேத்தியும் இதே கணக்குத்தான். படத்துக்காக யாரும் அந்த நிலையத்தைப் பாதுகாக்கவில்லை. மலை ரயிலுக்கு அது தேவைப்படுகிறது, அதனால் இருக்கிறது. சினிமா இடம் தேடிப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்தாலே பாதி ஏமாற்றம் குறையும். செட் போட்ட காட்சிகளை விட்டுவிடுங்கள். தனக்கென்று வேறு பிழைப்பு உள்ள இடங்களைத் தேடுங்கள்.

இங்கிலாந்து இயக்குநர் டேவிட் லீன் 'எ பேசேஜ் டு இந்தியா' (1984) படத்தின் மராபார் குகைக் காட்சிகளுக்கு இதே பாறைகளைத் தேடி வந்தார். பக்கத்துச் சாவனதுர்காவிலும் எடுத்தார். கதைப்படி அது பிகார். ஆக இந்த மலை ஒருமுறை சம்பலாகவும் ஒருமுறை பிகாராகவும் நடித்திருக்கிறது. சொந்த வேடத்தில் எப்போது நடிக்கும் என்று தெரியவில்லை.

கருங்கல்:

நடைமுறைக் கேள்விக்கு வருவோம். ராமநகரம் பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். 2023இல் திறந்த புதிய விரைவுச் சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. அசட்டையாக இருந்தால் ஊரைத் தாண்டிவிடுவீர்கள். முன்கூட்டியே பழைய சாலைக்கு இறங்குங்கள். இந்த இழையைப் படிக்கும் பைக்காரர்கள் கவனிக்க: விரைவுச் சாலையின் மையத் தடங்களில் இரு சக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. ரயிலிலும் வரலாம், பெங்களூரு–மைசூரு பாதையில் ராமநகரம் ஒரு நிலையம். வரைபடத்தில் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், 2025இல் பெங்களூரு தெற்கு என்று மாற்றியது மாவட்டத்தின் பெயரை. ஊர் ராமநகரம்தான்.

ஊருக்குள் வந்ததும் 'ஷோலே பெட்டா' என்று கேட்டாலே வழி சொல்வார்கள். மேலே ராமர் கோயில் வரை படிகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவரை உச்சி வரை இழுக்காதீர்கள். அடிவாரத்திலிருந்தும் முதல் சில படிகளிலிருந்தும் செங்குத்துப் பாறை முழுமையாகத் தெரியும். கழுகு பறந்தாலும் அங்கிருந்தே தெரியும். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், கிரானைட்டு சூடேறினால் அன்று முழுவதும் ஆறாது. தொலைநோக்கி இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் மிஞ்சினால் பட்டுக்கூடுச் சந்தைக்குப் போங்கள். ஆசியாவின் மிகப் பெரிய பட்டுக்கூடுச் சந்தைகளில் ஒன்று. ராமநகரத்துக்காரர்கள் வாழ்வது பட்டால்; கப்பர் சிங்கால் அல்ல. விரைவுச் சாலையில் பறக்கிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

வழிப்போக்கன்:

சரி, கேட்கிறேன். காலையில் போனால் மாலை வெளிச்சம் கிடைக்காதே? ஆபரேட்டர் ஐயா ஒன்று சொல்கிறார், நிலவியல் அம்மா வேறு சொல்கிறார்.

பழைய ஆபரேட்டர்:

படத்தில் மாலை வெளிச்சம் அவ்வளவும் ஊருக்குள், வீட்டு முற்றத்தில். அந்த ஊர்தான் இப்போது இல்லையே. கப்பரின் இடம் சுள்ளென்ற வெயில், அதுவும் பாறைக்கு நடுவே. அதற்குக் காலை ஒன்பது மணி போதும். அம்மா சொன்னபடியே போங்கள்.

தெற்குப்பயணி:

முடிவு செய்துவிட்டேன். காலை ஏழு மணிக்குள் அடிவாரம், மாமனார் கீழேயே தொலைநோக்கியோடு, நான் மட்டும் கோயில் வரை. அச்சிட்ட காட்சிகளோடு தொடுவானக் கோட்டை ஒப்பிட்டுப் பார்த்து, எது பொருந்துகிறது எது பொருந்தவில்லை என்று படங்களோடு இங்கே போடுகிறேன். பன்வேல் பக்கம் ரயில் சண்டை எடுத்த இடத்தை யாராவது இதே முறையில் தேடியிருக்கிறீர்களா?

மாலைவெளிச்சம்:

ரயிலில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. தண்டவாளத்தில் இறங்கி நடப்பது குற்றம், ஆபத்தும்கூட. படம் எடுக்க இறங்கவே இறங்காதீர்கள். பன்வேலுக்குத் தனி இழை தொடங்குங்கள், என்னிடம் உள்ள குறிப்புகளை அங்கே போடுகிறேன்.